சால்மன் பிடிக்கப் போகும் முன் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியவை

சிங்கப்பூரில் தூண்டில் போடுகிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் அலாஸ்கா பேச்சை எடுத்துவிடுவார். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் பீகாக் பாஸ் பிடித்தே வருடங்களைக் கழித்தவருக்கு, ஆறு நிறைய சால்மன் ஏறிவருகிற வீடியோவைப் பார்த்தால் கை துருதுருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. நண்பர்கள் இரண்டு பேரோடு போனேன். நான்காம் நாள் ஊரிலிருந்து போன் வந்தது.

முதல் முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீன் பிடிப்பது இதில் பாதிதான். ஆற்றில் நிற்கும்போது வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால் என்ன செய்வது என்பது மீதிப் பாதி. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கே இருக்கிற நாம் ஒரு கணக்குக்குப் பழகிப்போயிருக்கிறோம். திருச்சிக்கு நாலு மணி நேரம். காலையில் செய்தி வந்தால் ராத்திரிக்குள் வீட்டு வாசலில் போய் இறங்கிவிடலாம். அலாஸ்காவின் கெனாய் ஆற்றங்கரையில் அந்தக் கணக்கு செல்லாது. கிளம்பும் முன்பே இதை மனதில் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்த மீன், எந்த மாதம்

நான் சால்மன் என்று சொன்னதும் அம்மா, "காலா மீனா?" என்று கேட்டார். காலாவுக்கு இந்தியன் சால்மன் என்றும் ஒரு பெயர் உண்டு. அதற்கும் இதற்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மன். அலாஸ்காவில் ஓடுவது பசிபிக் சால்மன். அதில் ஐந்து வகை: கிங், சாக்கை, கோஹோ, பிங்க், சம்.

எல்லோருக்கும் கிங் மேல்தான் ஆசை. 1985-ல் கெனாய் ஆற்றில் ஒருவர் பிடித்த கிங் சுமார் 44 கிலோ. தூண்டிலில் பிடித்ததில் இன்றுவரை அதுதான் சாதனை. ஆனால் அந்த ஆற்றில் கிங் வரத்து மோசமாகக் குறைந்துவிட்டதால் சமீப வருடங்களில் அதைப் பிடிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். புதியவருக்கு ஏற்றது சாக்கை. ஜூலை நடுவிலிருந்து மாதக் கடைசி வரை கெனாயில் கூட்டம் கூட்டமாக ஏறும். கோஹோ வருவது ஆகஸ்ட், செப்டம்பரில். அது லூர் என்கிற செயற்கை இரையைத் துரத்திக் கடிக்கும் என்பதால் நீர்த்தேக்கத்தில் பழகிய கைக்குப் பிடித்துப்போகும். ஆனால் சாக்கை அளவுக்குக் கும்பலாக வராது.

அலாஸ்கா மீன்வளத் துறை ஆற்றில் சோனார் என்கிற ஒலி அலைக் கருவி வைத்து, தினமும் எத்தனை சாக்கை ஏறியது என்று எண்ணி இணையத்தில் போடுகிறது. முந்தைய வருடங்களின் எண்ணிக்கையும் அங்கேயே கிடைக்கும். ஈசூனிலிருந்து வேலைக்குப் போகும் எம்ஆர்டியில் பங்கு விலை பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துப் பார்த்துத்தான் லீவுத் தேதியை முடிவு செய்தேன்.

தங்குவதற்கு சோல்டாட்னா ஊர் வசதி. ஆங்கரேஜிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். சோல்டாட்னா கிரீக் பூங்கா, சென்டெனியல் பூங்கா இரண்டிலும் கரை மிதிபடாமல் இருக்க இரும்புத் தட்டியில் நடைபாதையும், தண்ணீருக்குள் இறங்கப் படிகளும் போட்டிருக்கிறார்கள். படகே வேண்டாம்.

காகிதங்கள்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அமெரிக்கா போக எஸ்டா அனுமதி போதும், இணையத்திலேயே வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நிரந்தரவாசி (பிஆர்) என்றால் அமெரிக்க விசா வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் முன்னேற்பாடு வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பி வர வேண்டிய மறுநுழைவு அனுமதியின் தேதியையும் ஒரு தடவை பாருங்கள். அலாஸ்காவிலிருந்து நேராக ஊருக்குப் போய் ஒரு மாதம் உட்கார வேண்டி வந்தால் அது பாதியில் காலாவதி ஆகிவிடக் கூடாது.

மீன்பிடி உரிமமும் இணையத்தில்தான். வெளியூர்க்காரர்களுக்கு 1, 3, 7, 14 நாள் என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோருக்கும் வேண்டும்.

அடுத்தது நான் கோட்டை விட்ட இடம். குடியுரிமை மாறியவர்களே, உங்கள் இந்திய விசா உயிரோடு இருக்கிறதா? என்னுடைய இ-விசா பொங்கலோடு முடிந்திருந்தது. அது ஞாபகம் வந்தபோது நான் ஆற்றங்கரையில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா ஐசியூவில் இருக்கும்போது, சின்னப் போன் திரையில் பாஸ்போர்ட் படத்தை வெட்டி ஒட்டி விண்ணப்பம் நிரப்புகிற வேலை யாருக்கும் வர வேண்டாம். இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தால் பையில் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் 1 வருட அல்லது 5 வருட இ-விசா ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். மீன்பிடிப் பயணத்துக்கு இந்திய விசா எதற்கு என்று மனைவி கேட்டால், இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது, குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நிலை மோசமாகிப் பயணத்தைப் பாதியில் முறித்தால் என்ன கிடைக்கும் என்ற பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். பெற்றோருக்கு ஏற்கெனவே இருக்கும் நோயால் வருவது பல காப்புறுதிகளில் சேராது. சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சின் இ-ரெஜிஸ்டரில் பயணத்தைப் பதிந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

தம்பியிடம் பேசுவது

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ஊரில் பெற்றோரோடு இருப்பவரிடம் ஒரு பேச்சு பேசியாக வேண்டும். தம்பியோ தங்கையோ மச்சானோ, யாராக இருந்தாலும் சரி. கூச்சமாகத்தான் இருக்கும். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாக எதற்கு என்பார்கள். பரவாயில்லை, பேசுங்கள்.

முதல் விஷயம்: எதுவாக இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். என் தம்பி சொல்லவில்லை. அப்பா காலையில் குளியலறையில் விழுந்து, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், ஸ்கேன் எடுத்து, பக்கவாதம் என்று தெரிந்து ஐசியூவில் சேர்த்த பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை. "ஆசையா மீன் பிடிக்கப் போன மனுசனை எதுக்குக் கலவரப்படுத்தணும்னு பாத்தேன்ண்ணே" என்றான் பிறகு. அவன் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு நாளில் நான் பாதி உலகத்தைத் தாண்டியிருப்பேன். ஆகவே ஊரில் இருப்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: மறைத்தால் எனக்குக் கிடைப்பது நிம்மதி இல்லை, ஒரு நாள் தாமதம்.

இரண்டாவது நேரக் கணக்கு. கோடையில் அலாஸ்கா சிங்கப்பூருக்கு 16 மணி நேரமும் தமிழ்நாட்டுக்குப் பதின்மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கும். அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 10, ஊரில் மறுநாள் காலை ஏழரை. இதை ஒரு தாளில் எழுதி ஊர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டச் சொன்னேன். தூங்கிக்கொண்டிருப்பேன் என்று நினைத்துப் போனைக் கீழே வைத்துவிடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. "ராத்திரியா இருந்தாலும் எழுப்பு" என்று சொல்லி வையுங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. நம் வழக்கத்தில் ஒருவர் போய்விட்டால் வருகிற முதல் கேள்வி, "எப்போ எடுக்கிறாங்க?" இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் மறுநாளுக்குள் எடுத்துவிடுவார்கள். முஸ்லிம் வீடுகளில் முடிந்தவரை அன்றைக்கே அடக்கம். சோல்டாட்னாவிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேர, டிக்கெட் உடனே கிடைத்தாலும் ஒன்றரை நாளைத் தாண்டிவிடும். அப்படியானால் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பதா, இல்லையா? எங்கள் பக்கத்தில் அப்பாவுக்குக் கொள்ளி மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். நான் மூத்தவன். இதை அந்த நேரத்தில் அழுதுகொண்டிருக்கும் பத்துப் பேர் நடுவில் முடிவு செய்யச் சொல்வது தம்பிக்குச் செய்கிற அநியாயம்.

நான் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். போனில், சுற்றி வளைத்துத்தான். அவர் சிரித்தார். "நீ வர்றதுக்குள்ள நான் நாறிப் போயிருவேன். தம்பிய வச்சு முடிச்சிரச் சொல்லு, நீ பதினாறாம் நாளுக்கு வந்தாப் போதும்." பெரியவர்களுக்கு இந்தப் பேச்சில் நமக்கு இருக்கும் பயம் இல்லை. எல்லா அப்பாக்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு மனிதர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, திரும்பும் வழி இரண்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கரேஜ், சியாட்டில், சிங்கப்பூர், திருச்சி என்பது ஒன்று. சியாட்டிலிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகச் சென்னை என்பது இன்னொன்று. மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டை இந்தப் பயணத்துக்கு மட்டும் வாங்காதீர்கள்.

கையைப் பழக்குவது

தூண்டில் கோல், ரீல் எதையும் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சோல்டாட்னாவில் வாடகைக்குக் கிடைக்கும். தண்ணீர் புகாமல் மார்பு வரை வரும் காற்சட்டையும் (வேடர்) அப்படியே. பூட்ஸ் சொந்தமாக வாங்குவதாக இருந்தால் அடியில் கம்பளி ஒட்டியது வேண்டாம். நோய்க்கிருமியும் பாசியும் ஆற்றுக்கு ஆறு பரவும் என்று அலாஸ்காவின் நன்னீரில் அதைத் தடை செய்திருக்கிறார்கள். ரப்பர் அடி பாருங்கள். கண்ணாடி கட்டாயம், ஈயக்குண்டும் முள்ளும் பறக்கிற இடம் அது.

இங்கே பழக வேண்டியது இரண்டு. நனைந்த, விறைத்த விரலால் முடிச்சுப் போடுவது ஒன்று. ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் கையை முக்கிவிட்டுப் முள்ளைக் கட்டும் பாலோமர் முடிச்சைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வீச்சு. முள் இல்லாமல் வெறும் ஈயக்குண்டைக் கட்டி, அனுமதித்த மீன்பிடி மேடையில் நின்று பழகலாம். நீர்த்தேக்கத்தில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் அனுமதி, உயிர் இரை கூடாது, செயற்கை இரைதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "என்ன அங்கிள், மீனே வேண்டாமா?" என்று ஒரு பையன் என்னைக் கேட்டான்.

ஆற்றில்

கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறியதும் சாக்கை தின்பதை நிறுத்திவிடும். கடலிலும் அதன் முக்கியத் தீனி மிதக்கும் சின்ன உயிரிகள்தான். அதனால் இரை காட்டி ஏமாற்ற முடியாது. தூண்டில் நரம்பு ஓட்டத்தோடு போய், எதிரே வாயைத் திறந்து திறந்து நீந்தி வரும் மீனின் வாய்க்குள் புகுந்து, முள் வாயோரத்தில் மாட்ட வேண்டும். கேட்க அசிங்கமாக இருக்கும். செய்து பார்த்தால் கைப்பழக்கம் எவ்வளவு வேண்டும் என்று தெரியும்.

முள்ளிலிருந்து ஒரு மீட்டர் மேலே ஈயக்குண்டு. கடிகார முகப்பில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், எதிர்க்கரை 12. ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம், கெனாய் இடமிருந்து வலம் ஓடும் கரை என்றால் 10 மணித் திசையில், நாலைந்து மீட்டர் தூரத்தில் போடுங்கள். குண்டு அடியில் கூழாங்கல்லைத் தட்டித் தட்டிப் போக வேண்டும். தட்டவே இல்லை என்றால் எடை போதாது, ஒரே இடத்தில் நின்றுவிட்டால் எடை அதிகம். 2 மணிக்கு வந்ததும் கோலைப் பக்கவாட்டில் இழுத்து, எடுத்து, மறுபடியும் 10. இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை.

புதியவர் எல்லோரும் செய்கிற தப்பு, ஆழத்துக்குப் போய் நிற்பது. ஓட்டம் குறைவு என்பதால் சாக்கை கரையை ஒட்டித்தான் ஏறும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் மீன் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். முழங்கால் தாண்ட வேண்டாம். பனியாறு உருகி வருகிற தண்ணீர், நிறம் பச்சையும் நீலமுமாக அழகாக இருக்கும், கால் பத்து நிமிடத்தில் மரத்துவிடும்.

மாட்டினால் "ஃபிஷ் ஆன்!" என்று கத்துங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் நரம்பைச் சுருட்டிவிடுவார்கள். முள் வாயில் மாட்டியிருந்தால் மட்டும் உங்கள் மீன். முதுகிலோ வாலிலோ மாட்டியிருந்தால் உடனே விட்டுவிட வேண்டும், அது சட்டம். பொதுவாக ஒரு நாளைக்கு 3 சாக்கை. வரத்தைப் பார்த்து அவசர உத்தரவு போட்டு அதைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், மூடியும்விடுவார்கள். ஆகவே தினமும் காலையில் பார்த்துவிட்டு இறங்குங்கள். பிடித்ததும் தலையில் ஒரே அடி, செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து ஐஸில் போடுங்கள். மேலே ரஷ்யன் ஆற்றுப் பக்கம் கரடி வரும். மீனைக் கரையில் விட்டுவிட்டு ஃபோட்டோ எடுக்கப் போகக் கூடாது.

சோல்டாட்னாவில் போன் வேலை செய்யும். கூப்பர் லேண்டிங் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும். அங்கே போகும் நாளில் எத்தனை மணி வரை போன் கிடைக்காது என்று வீட்டுக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள். கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவி ஒன்றை மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் செலவு பெரிதில்லை.

செய்தி வந்தால்

எனக்கு வந்தது மதியம் பன்னிரண்டரைக்கு. ஊரில் விடியற்காலை இரண்டு. அந்த நேரத்தில் தம்பி பெயர் திரையில் வந்தால் எடுப்பதற்கு முன்பே வயிறு கலங்கிவிடும். தண்ணீரில் நின்றபடியே எடுத்தேன். அது தப்பு. முதலில் கரை ஏறுங்கள், கோலை யாரிடமாவது கொடுங்கள், உட்காருங்கள், அப்புறம் எடுங்கள். பேச்சின் நடுவில் நான் ஒரு எட்டு பின்னால் வைத்துக் கல் புரண்டு விழப் பார்த்தேன். நண்பர் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது, பத்துப் பேரிடம் பேசாதீர்கள். மாமா ஒன்று சொல்வார், சித்தி ஒன்று சொல்வார், எல்லாம் சேர்ந்து ஒன்றும் புரியாது. மருத்துவரிடம் பேசுகிற ஒருவரிடம் மட்டும் கேளுங்கள்: நினைவு இருக்கிறதா, டாக்டர் அடுத்து எப்போது பார்ப்பார், நான் கிளம்பட்டுமா. மூன்றாவது கேள்விக்கு "நீ இரு, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அதை நம்பாதீர்கள். அவர்கள் உங்கள் செலவை நினைத்துச் சொல்கிறார்கள்.

கார் ஓட்டக் கூடாது. ஆங்கரேஜ் போகிற சாலை பெரும்பாலும் இருவழிப் பாதை, மூஸ் மான் குறுக்கே வரும். மறுநாள் நண்பர்கள்தான் ஓட்டினார்கள்.

எனக்குக் கிடைத்த விமானம் மறுநாள் இரவு. விசாவுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் போட்டாயிற்று, டிக்கெட் மாற்றியாயிற்று, தம்பியிடம் பேசியாயிற்று. மணி மாலை நாலு. ஜூலையில் அங்கே இருட்டுவதற்கு பத்தரை, பதினொன்று ஆகும். அந்த ஏழு மணி நேரத்தை என்ன செய்வது?

திரும்ப ஆற்றுக்குப் போனேன். அப்பா அங்கே கிடக்கும்போது மகன் மீன் பிடித்தான் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அறையில் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பதால் அவருக்கு ஒரு சொட்டு நன்மையும் இல்லை. பத்து, இரண்டு, பத்து, இரண்டு என்று கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. போன் சட்டைப் பையில், சத்தம் முழுதாக வைத்து. படியை விட்டு இறங்கவில்லை, கணுக்கால் தண்ணீர்தான். இரண்டு மாட்டியது, இரண்டையும் விட்டுவிட்டேன். அன்றைக்கு எதையும் அடிக்கக் கை வரவில்லை. உங்களுக்கு ஆற்றைப் பார்க்கவே பிடிக்காமல் போகலாம், அதுவும் சரிதான். பிறந்த இடத்தைத் தேடி வரும் மீன் என்று நிறையப் பேர் உருகி எழுதுவார்கள். அன்று எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. கால் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

மீனை என்ன செய்வது

பாதியில் கிளம்பினால் பிடித்த மீன் அங்கேயே நின்றுவிடும். நண்பரிடம் சும்மா கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. ஒருவர் பிடித்ததை இன்னொருவர் கொண்டுபோக, யார் பிடித்தது, எத்தனை, எங்கே, எப்போது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். பதப்படுத்தும் கடையில் கொடுத்தால் வெக்குவம் பை போட்டு உறைய வைத்துப் பெட்டி கட்டித் தருவார்கள். உலர்பனி போட்டால் ஆளுக்கு இரண்டரை கிலோ வரைதான், விமான நிறுவனத்திடம் முன்பே சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்குள் சொந்தச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 5 கிலோ கடலுணவு கொண்டுவரலாம். அதற்கு மேல் பிடித்ததை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காட்டு சால்மனில் புழு இருக்கும். சீனப் புத்தாண்டுப் பச்சை மீன் சாலட்டான யூஷெங் போடலாம் என்று பச்சையாக எடுத்து வைக்காதீர்கள், சமைத்துச் சாப்பிடுங்கள்.

வீட்டில் துக்கம் என்றால் பதினாறு நாள் மீன் கிடையாது. அது ஃப்ரீசரில் கிடக்கட்டும், கெட்டுப்போகாது.

எங்கள் வீட்டில் அது தேவைப்படவில்லை. ஊரில் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். அப்பாவுக்கு வலது கை இன்னும் வரவில்லை, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. நண்பர் வீட்டு ஃப்ரீசரிலிருந்து என் பங்கை வாங்கி வந்து புளிக்குழம்பு வைத்தேன். பண்ணை சால்மன் அளவுக்குச் சாக்கையில் கொழுப்பு கிடையாது. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியில் துண்டுகளைப் போட்டு, நாலே நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். விட்டால் சக்கையாகிவிடும். போடும் முன் ஒரு துண்டை வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். இடது கையால் போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"என்னடா இவ்வளவு செவப்பா இருக்கு, சாயம் கீயம் போட்டு ஏமாத்திப்புட்டானா?"